அண்டை முறையில் நலமானவர்கள்

உலகத்திலிருந்து துயரத்தை ஒழித்துவிட்ட நிறுவனத்தில் நான் வேலை பார்க்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. மூன்றாவது மாடியில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். லிஃப்ட் ஓடாது.

பெயர்ப்பலகையில் ‘மனநிலைப் பாதைகள் ஆய்வு மையம்’ என்று இருக்கும். மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்கள் காலப்போக்கில் எப்படி ஏறுகிறார்கள், எப்படி இறங்குகிறார்கள் என்பதை வளைகோடாக வரைவது எங்கள் பணி. மற்ற இடங்களில் மனிதர்களைக் கவனிப்பார்கள். மனிதர்களை நம்ப முடியாது. காலையில் ஒன்று சொல்வார்கள், மாலையில் வேறொன்று சொல்வார்கள். நாங்கள் வளைகோட்டைக் கவனிக்கிறோம். வளைகோடு பேச்சு மாறாது.

என் பதவியின் பெயர் ‘இளநிலை விடுபடல் நிரப்புநர்’. பங்கேற்பாளர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனில் ஒரு பதிவுக் குரல் போகும். பெண் குரல். தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா, படபடப்பு உண்டா, எதிலாவது நாட்டம் உண்டா என்று ஒன்பது கேள்விகள் கேட்கும். ஒன்றும் இல்லை என்றால் பூஜ்யத்தை அழுத்த வேண்டும். தாங்க முடியவில்லை என்றால் மூன்று. ஒவ்வொரு விடைக்கும் அந்தக் குரல் ‘நன்றி’ சொல்லும். பூஜ்யத்துக்கும் மூன்றுக்கும் ஒரே நன்றிதான். பாகுபாடு கிடையாது.

சிலர் போனை எடுப்பதில்லை. அப்போது கணினித் திரையில் ஒரு கட்டம் காலியாக நிற்கும். காலிக் கட்டம் எங்கள் இயக்குநருக்கு ஆகாது. சிரிக்கும்போது பல் போனது தெரிவதைப் போல இருக்கிறது என்பார். அந்த இடத்தில் பொய்ப்பல் கட்டுவது நான்.

எப்படிக் கட்டுவது என்பதைக் கண்டுபிடித்தவர் வளைகோட்டு அண்ணன். புள்ளியியலில் முனைவர். டீ கொண்டுவருபவரிடம் சர்க்கரை எவ்வளவு என்பதைக்கூடக் காற்றில் ஒரு கோடு இழுத்துத்தான் காட்டுவார். அவருடைய கண்டுபிடிப்புக்கு ‘அண்டை முறை’ என்று பெயர். போன் எடுக்காதவருக்கு யார் மிகவும் ஒத்துப்போகிறார் என்று கணினி தேடும். வயது, வீட்டில் எத்தனை பேர், தொடக்கத்தில் கொடுத்த மதிப்பெண் இவற்றில் ஒன்றுபோல இருப்பவர் அவருடைய ‘அண்டை’. அண்டையின் மதிப்பெண்ணை எடுத்து இவருடைய கட்டத்தில் போடுவோம். போடுவதற்கு முன் அரை மதிப்பெண் கழிப்போம். நாளாக நாளாகத் துக்கம் ஆறிவிடும் அல்லவா, அதற்காக. இந்த அரைக்கு அண்ணன் ‘ஆறுதல் காரணி’ என்று பெயரிட்டிருந்தார். மையம் இதுவரை யாருக்காவது ஆறுதல் கொடுத்திருக்கிறது என்றால் அது அந்த அரை மதிப்பெண்தான்.

இப்படி நிரப்பி முடித்த பிறகு மக்கள் நான்கு பிரிவாகப் பிரிவார்கள். ‘நிலையான நலத்தோர்’, ‘மெல்ல மீள்வோர்’, ‘மெல்லச் சரிவோர்’, ‘தொடர்ந்து துயருறுவோர்’. கடைசிப் பிரிவுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. தாழ்வாரக் கோடியில் இருக்கும் அறையில் ஆலோசகர் மேடம் அவர்களைச் சந்தித்துப் பேசுவார். இலவசம். அதற்கு ஒரு வரிசை இருந்தது.

ஊழியர் ஒவ்வொருவரும் ஆய்வில் பங்கேற்பாளராகச் சேர வேண்டும், கூடவே ஒருவரைச் சேர்த்தும் விட வேண்டும் என்பது மையத்தின் விதி. நானும் சேர்ந்தேன். முதல் சில அழைப்புகளுக்கு நேர்மையாகப் பதில் அழுத்தினேன். பிறகு அந்தக் குரல் நான் மும்முரமாகக் கட்டங்களை நிரப்பும் நேரத்திலேயே அழைத்ததால் எடுக்க முடியவில்லை. என் பங்கேற்பு எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பியிருந்தார்கள். அதை அழித்துவிட்டேன். இன்னொருவரைச் சேர்க்க அக்காவைப் பிடித்தேன்.

அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். முகத்தில் அந்தக் கனமான சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, ‘இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா’ என்று நாள் முழுக்கக் கேட்பாள். சில மாதங்களாகக் கடைக்குப் போகவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். என்ன காரணம் என்று அம்மா கேட்டால், காரணம் இருந்தால் எழுந்திருக்க மாட்டேனா என்பாள். கடை முதலாளி இரண்டு முறை போன் செய்தார். மூன்றாவது முறை செய்யவில்லை.

அம்மாவுக்கு எங்கள் இருவர் மீதும் ஒரே புகார். அதை எங்களிடம் சொல்லாமல் அடுப்பிடம் சொல்வாள்.

“ரெண்டு பெத்தேன். ஒருத்தி ரூமை விட்டு வெளிய வர மாட்டேங்கறா. இன்னொருத்தி பாத்ரூமை விட்டு வெளிய வர மாட்டேங்கறா. குழாயைத் திறந்துவிட்டா மூடறதே இல்ல. தண்ணி என்ன சும்மாவா வருது.”

ஆய்வில் சேர அக்கா ஒப்புக்கொண்டது எனக்காகத்தான். உன் வேலை நிலைக்கும் என்றால் நான் எத்தனை மூன்று வேண்டுமானாலும் அழுத்துகிறேன் என்றாள். அழுத்தினாள். பதிவுக் குரலை மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லன்னு அழுத்தறேன், நன்றிங்கறா. இன்னும் ரெண்டு தடவ அழுத்தினா கைதட்டுவா போலிருக்கு.”

அக்கா ‘தொடர்ந்து துயருறுவோர்’ பிரிவில் எளிதாகத் தேர்ச்சி பெற்றாள். ஆலோசனை வரிசையில் இடம் கிடைத்தது. அவளுக்கு முன்னால் இரண்டே பேர் என்று நான் வந்து சொன்ன அன்று மாலை, அவள் எழுந்து தன் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டி வைத்தாள். அந்த மாதத்தில் அவள் செய்த ஒரே வேலை அதுதான்.

அதற்குப் பிறகு அவள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். சார்ஜர் அறையின் அந்தக் கோடியில் இருந்தது. அவ்வளவு தூரம் யார் போவது என்றாள். மையத்தில் அவளுடைய கட்டம் காலியானது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அதை நானே நிரப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா அந்தப் போனைக் கூடத்துக்குக் கொண்டுவந்து சார்ஜ் போட்டிருந்தாள். மணி அடித்ததும் எடுத்து, காது சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டாள். அதே பெண் குரல். வாழ்த்துகள் என்றது. நீங்கள் ‘மெல்ல மீள்வோர்’ பிரிவுக்கு உயர்த்தப்பட்டிருக்கிறீர்கள் என்றது. ஆலோசனை வரிசையில் உங்கள் இடம் தேவையுள்ள வேறொருவருக்கு வழங்கப்படுகிறது. நன்றி.

அம்மா ஈரக் கையோடு அறைக்கு ஓடினாள்.

“எழுந்திரும்மா. உனக்குச் சரியாயிடுச்சாம். ஆபீஸ்லேருந்தே சொல்லிட்டாங்க.”

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது.

“அப்படியா? என்கிட்ட யாரும் சொல்லலையே.”

அம்மா போன பிறகு நான் அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். அக்கா திரும்பாமலே கேட்டாள்.

“அப்ப அந்த மேடத்தைப் பார்க்கப் போக வேண்டாமா?”

நான் நாற்காலி முதுகில் தொங்கிய நீலச் சட்டையைப் பார்த்தேன்.

“சட்டையை எடுத்து உள்ள வச்சிடு. தூசி படியுது.”

எடுத்து வைக்கவில்லை. அது எதிர்ப்பு அல்ல, எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அலமாரிக் கதவு கிறீச்சிடும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வளைகோட்டு அண்ணனிடம் போனேன். என் அக்கா மீளவில்லை என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் மிகவும் பொறுமையானவர். திரையைத் திருப்பி அக்காவின் வளைகோட்டைக் காட்டினார். உண்மையில் அது அழகாக இருந்தது. மேலே இரண்டு புள்ளிகள், அதிலிருந்து சறுக்குமரத்தைப் போலக் கீழ்நோக்கி ஓர் இறக்கம்.

“இதுல எங்கம்மா பிரச்சினை தெரியுது?”

“இதுல தெரியலைண்ணா. வீட்டுல தெரியுது.”

“வீடு ஒரு தனிப்பட்ட உதாரணம்மா. ஒரு உதாரணத்தை வச்சு நாம முடிவுக்கு வரக் கூடாது.”

அவள் போனே எடுக்கவில்லை, எடுக்க முடியாத அளவுக்கு முடியவில்லை என்றேன். அதற்கு அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அறிவுலகத்துக்குப் பயன்படும்.

“நல்லா இருக்கறவங்க எதுக்கும்மா போன் எடுக்கணும்? அவங்களுக்கு வேலை இருக்குமில்ல.”

வரிசையில் மீண்டும் சேர அவள் போனை எடுத்து உயர்ந்த மதிப்பெண்களை அழுத்த வேண்டும், அதற்கு வேறு வழி இல்லை என்றார். வேண்டுமானால் அவளுடைய அண்டையைப் பார்த்து நீ ஆறுதல் அடையலாம் என்று சொல்லி, அந்த அண்டையின் விவரங்களைத் திறந்து காட்டினார். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அதுதான் எங்கள் ரகசியக் காப்பு. சேரும்போது பங்கேற்பாளர் தன்னைப் பற்றிச் சொன்ன விவரங்கள் வரிசையாக இருந்தன. இந்தப் பெண்ணும் உன் அக்கா மாதிரிதான், இவளும் மீண்டுவிட்டாள் பார் என்றார். விவரத் தாளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. மனப்பாடம் செய்யக் கூடாது என்று விதியில் இல்லை.

அந்த வாரம் ஆண்டுக் கூட்டம். நான் பேசுவதென்று முடிவு செய்திருந்தேன். ஒரே ஒரு வாக்கியம். அதைப் பேருந்தில் வரும்போது உதட்டுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். ‘போன் எடுக்காதவர்களை நேரில் போய்ப் பார்க்கலாமா சார்?’

இயக்குநர் ஒரு வரைபடத்தைத் திரையிட்டார். ஆலோசனை வரிசையின் நீளம் ஆண்டு முழுவதும் எப்படிக் குறைந்தது என்பதற்கான படம். கடைசியில் கோடு தரையைத் தொட்டது. அவருடைய குரல் தழுதழுத்தது. வரிசையே இல்லாத நாள் வரும் என்று தாம் கனவு கண்டதாகவும், கனவு தம் பணிக்காலத்திலேயே பலித்துவிட்டதாகவும் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். மேசைக் கோடியில் ஆலோசகர் மேடம் மட்டும் தட்டவில்லை.

“சார், என் ரூமுக்கு இதுவரைக்கும் யாருமே வந்ததில்ல.”

“அதைத்தாம்மா நாம கொண்டாடறோம்.”

“வரிசையில இருந்தவங்க எல்லாம் எங்க போனாங்க?”

இயக்குநர் வளைகோட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் காற்றில் ஒரு கோட்டை மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினார்.

மேடம் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

இதுதான் சமயம். நான் கையைத் தூக்கினேன். அறை முழுவதும் என் பக்கம் திரும்பியது. இத்தனை முகங்கள் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்து நான் அறிந்ததில்லை.

“என்னம்மா, ஏசி அதிகமா இருக்கா?” என்றார் இயக்குநர்.

“ஆமா சார்,” என்றேன்.

ஏசியைக் குறைத்தார்கள். ஆண்டுக் கூட்டத்தில் என் பங்களிப்பு அதுதான். கூட்டக் குறிப்பிலும் ஏறியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அக்காவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அண்டை முறையை விளக்கினேன். விளக்கும்போது என் குரல் அண்ணனுடைய குரல் மாதிரியே ஆகிவிட்டது. அக்கா சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்க கடைல ஆள் வரலைன்னா, பக்கத்து வீட்டுக்காரன் கண்ணாடியைப் பார்சல் பண்ணி அனுப்ப மாட்டோம்டி.”

“நீங்க அறிவியல் முறையில செய்யலை.”

“சரி, எனக்குப் பதிலா நல்லாயிட்டாளே, அந்த மகராசி யாரு?”

பெயர் தெரியாது, விவரங்கள்தான் தெரியும் என்று சொல்லி ஒப்பிக்கத் தொடங்கினேன். பெண். உன்னைவிட இரண்டு வயது இளையவள். வீட்டில் மூவர். கூடப்பிறந்தவர் ஒருவர். தொடக்க மதிப்பெண் ஏறக்குறைய உன்னுடையதுதான்.

“பாவம்,” என்றாள் அக்கா. “அப்புறம்?”

“படிப்பு, அறிவியல் பட்டம். நகம் கடிக்கும் பழக்கம் உண்டு. பலர் முன்னால் பேசுவது, இல்லை.”

அக்கா சுவரிலிருந்து திரும்பினாள். கட்டிலில் ஊன்றியிருந்த என் கையை எடுத்து விரல்களைப் பார்த்தாள்.

“சொல்லு. இன்னும் என்ன இருக்கு?”

“அழுகை வந்தால் எங்கே அழுவீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கு. அதுக்கு அவங்க பதில், குளியலறையில். குழாயைத் திறந்துவிட்டு.”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்குக் கேட்டது. கூடத்தில் அம்மா ஏதோ பாத்திரத்தை நகர்த்தினாள். அக்கா எழுந்து உட்கார்ந்தாள். தலை கலைந்து, ஒரு கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து, என்னையே பார்த்தாள்.

“அடியே. அது நீதானேடி.”

நான் தலையசைத்தேன். ஓர் அறிவியல் பட்டதாரிக்கு இது கொஞ்சம் தாமதம்தான்.

“நீ எப்ப நல்லாயிட்ட?”

“நான் நல்லாகலக்கா. நானும் போன் எடுக்கலை.”

“அப்ப உன் கட்டத்தை எவளை வச்சு நிரப்பினாங்க?”

இதற்குக் கணினி தேவைப்படவில்லை. வயது, வீடு, கூடப்பிறந்தவர், மதிப்பெண் எல்லாவற்றிலும் என்னை மிகவும் ஒத்த பங்கேற்பாளர் எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் மீட்சியின் வரலாறு இதுதான். அக்காவின் காலியிடத்தில் என் மதிப்பெண்ணை எடுத்து, அரை கழித்துப் போட்டார்கள். அடுத்த முறை என் காலியிடத்தில் அக்காவுடையதை எடுத்து, இன்னொரு அரை கழித்துப் போட்டார்கள். பிறகு மறுபடி என்னிடமிருந்து அவளுக்கு. ஒரே தண்ணீரை இரண்டு குடங்களில் மாற்றி மாற்றி ஊற்றினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிந்தும். அந்தச் சிந்தலுக்கு மையம் ‘நலம்’ என்று பெயர் வைத்திருந்தது. ஊற்றிக்கொண்டிருந்தது நான். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு, ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்காமல், நாங்கள் ஒருவரையொருவர் குணமாக்கியிருக்கிறோம்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளாகச் சிரிக்காததால் இருமலில் முடிந்தது.

“சரி, இப்பக் கேளு. அந்த ஒம்பதையும் நேரா கேளு. நானும் உன்னைக் கேக்கறேன்.”

கேட்டேன். ஒவ்வொரு விடைக்கும் அக்கா அந்தப் பதிவுக் குரலில் ‘நன்றி’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு அவள் என்னைக் கேட்டாள். ஒரு கேள்விக்கு நான் ‘ரெண்டு’ என்றேன். என் முகத்தைப் பார்த்து, ‘அது ரெண்டா மூணா, நல்லாப் பார்த்துச் சொல்லு’ என்றாள், வில்லை மாற்றுகிறவளைப் போல. மூன்றுதான் என்றேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளுக்கு இருவருமே நன்றி சொல்லவில்லை. அம்மா கதவருகே வந்து நின்றதைக் கவனித்தேன். தண்ணீர் ஓடும் சத்தம் எதுவும் இல்லாததால் என்னவோ என்று பார்க்க வந்திருந்தாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் அக்காவை மூன்று மாடி ஏற்றிக் கூட்டிவந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். துயரத்தை ஒழிக்கிறவர்கள் முதலில் அந்த லிஃப்டைச் சரிசெய்யக் கூடாதா என்று கேட்டாள். நீலச் சட்டையில் இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது. தோளில் மட்டும் தூசிக் கோடு.

ஆலோசகர் மேடத்தின் அறைக் கதவு பூட்டியிருக்கவில்லை. உண்மையில் எப்போதுமே பூட்டியதில்லை. யாரும் தள்ளிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மேடம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்தார். வருகிறவர்களுக்கான நாற்காலியில் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது.

“மேடம், எங்க அக்கா. வரிசையில இப்ப பேர் இல்ல,” என்றேன். ஒரே மூச்சில் இரண்டு வாக்கியம் பேசியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

“வரிசையிலதான் யாருமே இல்லையேம்மா. அப்ப வர்றவங்கதான் முதல் ஆள். உட்காருங்க.”

அக்கா உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை நொறநொறவென்று சத்தம் போட்டது. அவள் அசையாமல் இருக்கப் பார்த்தாள். மேடம் குனிந்து உறையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், அக்கா மறுமுனையை இழுத்தாள். ஒருவழியாகக் கிழித்து எடுத்தார்கள். நான் வெளியே போகத் திரும்பினேன்.

“நீங்க எங்க போறீங்க?” என்றார் மேடம். “அவங்க முடிச்சதும் நீங்க.”

நான் சொல்லவே இல்லை. அக்காதான் என் முதுகுக்குப் பின்னால் ஏதோ சைகை காட்டியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வாரந்தோறும் போனோம். அக்கா நலமாகிவிட்டாள் என்று எழுத மாட்டேன். அப்படிப் பலரைப் பற்றி ஏற்கெனவே எழுதித் தள்ளிவிட்டேன். சில நாள் அரை வேளைக்குக் கடைக்குப் போகிறாள். சில நாள் போவதில்லை. போன் மட்டும் எடுக்கிறாள். சார்ஜர் இப்போது எங்கள் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் இருக்கிறது, ஏனென்றால் கட்டில்கள் இப்போது ஒரே அறையில் இருக்கின்றன.

மேடம் விதிப்படி எங்கள் உண்மையான மதிப்பெண்களை மையத்தின் கணினியில் ஏற்றினார். எல்லாச் சறுக்குமரங்களுக்கும் நடுவில் இரண்டு கோடுகள் செங்குத்தாக மேலே ஏறி நின்றன. வளைகோட்டு அண்ணன் முதலில் கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு இயக்குநரை அழைத்தார். இருவரும் அந்தத் திரைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்கள். என் எண்ணும் அக்காவின் எண்ணும் அவர்கள் முன்னால் இருந்தன. நான் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. ரகசியக் காப்பு அவ்வளவு கச்சிதம்.

இந்த இடத்தில்தான் மையத்தின் மேதைமை வெளிப்பட்டது. சாதாரண ஆட்களாக இருந்தால் அந்த இருவருக்கும் என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பார்கள். எங்கள் இயக்குநர், அந்த இருவருக்கும் பொதுவானது எது என்று கேட்டார். அண்ணன் இரவு பகலாகக் கணக்குப் போட்டார். முடிவு மறுக்க முடியாததாக இருந்தது. ஆய்வில் உள்ள அத்தனை பேரில் இருவர் மட்டும் துயரத்தில் இருக்கிறார்கள். அத்தனை பேரில் இருவர் மட்டும் ஆலோசகர் அறைக்குப் போயிருக்கிறார்கள். இந்த இருவரும் அந்த இருவரே. தொடர்பு நூற்றுக்கு நூறு. தம் அனுபவத்தில் நூற்றுக்கு நூறைத் தாம் பார்த்ததே இல்லை என்று சொன்னபோது அண்ணனின் கை காற்றில் கோடு போட மறந்து நின்றது.

ஆண்டறிக்கையில் பரிந்துரை ஒரே வரிதான். ‘துயரத்துக்குக் காரணமாக இருப்பது தாழ்வாரக் கோடியில் உள்ள அறை என்பது நிறுவப்பட்டுள்ளதால், அதை உடனடியாக மூடலாம்.’ மூடிய பிறகு அங்கே வளைகோடுகளைச் சட்டம் போட்டு மாட்டி நிரந்தரக் கண்காட்சி வைப்பதாகத் திட்டம்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். அடுத்த வாரத்திலிருந்து கீழ்த்தளக் கேன்டீனில், ஜன்னலோர மேசையில் மதியம் உட்கார்ந்திருப்பேன், அக்காவிடம் சொல்லுங்கள் என்றார். கேன்டீனுக்குப் படி ஏற வேண்டாம், அது ஒரு வசதி. மேலும், கேன்டீன் எங்கள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அங்கே யார் துயரப்பட்டாலும் கணக்கில் வராது.

அறிக்கை அச்சுக்குப் போகும் முன் கையெழுத்துக்காக மேசை மேசையாக வந்தது. இயக்குநர் போட்டிருந்தார். அண்ணன் போட்டிருந்தார். அவருடைய கையெழுத்தும் கீழ்நோக்கி அழகாக இறங்கும். கடைசியில், ‘விடுபட்டவை யாவும் முறையாக நிரப்பப்பட்டன எனச் சான்றளிப்பவர்’ என்ற இடம் எனக்கு.

பேனாவைத் திறந்தேன். கூட்டத்தில் சொல்லாமல் விட்ட வாக்கியம் நினைவுக்கு வந்தது. இப்போதும் சொல்லவில்லை, எனக்குத்தான் பேச்சு வராதே. பேனாவை மூடினேன். அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டு, அறிக்கையை அண்ணன் மேசையில் வைத்துவிட்டுக் கேன்டீனுக்கு இறங்கிப் போனேன். அக்கா காத்திருந்தாள்.

என்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஏன் போடவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தால்கூட அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருப்பேன்.

மறுவாரம் அறிக்கை அச்சாகி வந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். காலியிடம் இல்லை. என் கையெழுத்து இருந்தது. நான் போடுவதைவிடக் கொஞ்சம் சீராகவே இருந்தது.